தீவகப் பிள்ளைகளும் தாதி உதவியாளர் பயிற்சியும்: பணம் கட்டுவதற்கு முன்னர் கேட்க வேண்டியவை

க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் ஒரு வகை அறிவித்தல் பெருகிவிடுவதை வாசகர்கள் கவனித்திருப்பர். ஆறு மாதத்தில் தாதியாகலாம் என்றும், மருத்துவ உதவியாளர் டிப்ளோமா என்றும், பயிற்சி முடிந்ததும் வைத்தியசாலையில் வேலை என்றும், வெளிநாடு செல்ல வாய்ப்பு என்றும் அவை பேசும். அத்தகைய விளம்பரங்களால் பத்திரிகைகளும் வருவாய் பெறுகின்றன என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அதனாலேயே அவற்றை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்று விளக்கும் கடமையும் எமக்கு உண்டு.

இந்த விளக்கம் எல்லோருக்கும் பயன்படுமாயினும், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் பெற்றோரையும் பிள்ளைகளையும் முதன்மையாக மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். யாழ்ப்பாண நகரத்திலுள்ள பிள்ளை ஒரு பிழையான பாடநெறியைத் தெரிவு செய்தால் கட்டிய பணமும் சில மாதங்களும் வீணாகும். நெடுந்தீவுப் பிள்ளை அதே பிழையைச் செய்தால் கட்டணத்தோடு விடுதிச் செலவும், படகுச் செலவும், அடகு வைத்த நகையும் சேர்ந்து போகும். இரண்டாம் தடவை முயல்வதற்கு அக்குடும்பத்திடம் ஒன்றும் மிஞ்சாது.

தீவகத்துக்கு இத்தொழிலின் தேவையும் அதிகம். பண்ணைத் தாம்போதியால் வேலணைத் தீவும், அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவும் குடாநாட்டோடு இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நயினாதீவுக்கு ஓடுவது சிறிது நேரம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். சோளகம் வீசும் காலத்திலும் வாடைக் காலத்திலும் அந்தக் கணக்கும் தப்பிவிடும். கடுமையான நோயாளி ஒருவரை நெடுந்தீவிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதென்றால் முதலில் கடலைக் கடக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு தெற்கில் ஆரம்பித்து 2018ஆம் ஆண்டு வடக்குக்கும் விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் வரப்பிரசாதமே. ஆயினும் சக்கரத்தில் ஓடும் வண்டி இறங்குதுறையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் நோயாளியின் பக்கத்தில் இருக்கப்போவது தீவில் வாழும் மனிதரே. அவர் பயிற்சி பெற்றவரா இல்லையா என்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கக் கூடும்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் மருத்துவ உதவியாளர் என்பது நன்கு வரையறுக்கப்பட்ட ஒரு தொழில். மருத்துவரின் சிகிச்சை நிலையத்தில் நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது, பதிவேட்டைப் பேணுவது, மருத்துவரின் மேற்பார்வையில் சில சிறு பணிகளைச் செய்வது அவரது வேலை. இலங்கையில் அதே பெயரில், அதே வரைவிலக்கணத்தோடு ஒரு தொழில் இல்லை. எங்கள் மூத்த தலைமுறையினர் அப்போதிக்கரி என்று அழைத்தவர்களும், பின்னர் உதவி வைத்தியர், பதிவு பெற்ற மருத்துவ உத்தியோகத்தர் என்று பெயர் பெற்றவர்களும் வேறு வகையினர். நாட்டின் கிராமப்புற மருந்தகங்களையும் சிறு வைத்தியசாலைகளையும் நெடுங்காலம் தாங்கிய அவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்று, நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் உரிமையைக் கொண்டிருந்தனர். அவர்களுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று எந்தத் தனியார் நிறுவனமும் ஆறு மாதப் பாடநெறியின் மூலம் அத்தகைய ஒருவரை உருவாக்க முடியாது.

தாதி என்ற சொல்லும் அவ்வாறே. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தாதியர் சபையில் பதிவு பெறுவதோடு அத்தகுதி பிணைந்துள்ளது. அரச தாதியர் கல்லூரிகளில் அதற்கான பயிற்சி மூன்று ஆண்டுகள் நடைபெறுகின்றது. குறுங்காலப் பாடநெறி ஒன்றை முடித்தவர் தாதி உதவியாளராகலாம், முதியோர் பராமரிப்பாளராகலாம், தனியார் சிகிச்சை நிலையமொன்றில் மருத்துவருக்குத் துணைநிற்பவராகலாம். இவை மதிப்புக்குரிய தொழில்களே. ஆனால் தாதியாக முடியாது. இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தை ஓரளவு நம்பலாம். சொல்லாது மழுப்பும் நிறுவனத்தின் வாசற்படியை மிதிக்காதிருப்பதே நல்லது.

கட்டணமில்லாத கதவுகளை முதலில் தட்டுங்கள்

தனியார் நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர், பணம் கட்டாமலே செல்லக்கூடிய பாதைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். எமது பிள்ளைகளில் பலர் இந்தப் பாதைகளை அறியாமலே விளம்பரத்தின் பின்னால் போகின்றனர் என்பது எமது கவலை.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழக அனுமதியும் பெற்றோருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகள் உள்ளன. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காது போனாலும், சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும்போது தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் தாதியர் பயிற்சிக் கல்லூரி உண்டு. பயிற்சிக் காலத்தில் கட்டணம் அறவிடப்படுவதில்லை, கொடுப்பனவும் வழங்கப்படும். குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியும் கொடுப்பனவோடு நடைபெறும் அரச பயிற்சியே. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்போர் இவர்களே. இவற்றுக்கான அறிவித்தல்கள் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளியாகும். விண்ணப்பிப்பதற்கான காலம் குறுகியது. படகுச் சேவை தடைப்படும் நாட்களில் தபால் பிந்தக்கூடும் என்பதால் தீவகத்துப் பிள்ளைகள் கடைசி நாள் வரை காத்திருத்தல் கூடாது. பிரதேச செயலகங்களும் பாடசாலை அதிபர்களும் நூலகங்களும் இவ்வறிவித்தல்களைப் பலகையில் ஒட்டி வைத்தால் பேருதவியாக இருக்கும்.

சாதாரண தரத்தோடு நின்றுவிட்டவர்களுக்கும், உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகளில் கற்றவர்களுக்கும் அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. எந்த ஆண்டில், எந்த நிலையத்தில், எந்தப் பாடநெறி நடைபெறும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பராமரிப்பாளர், தாதி உதவியாளர் ஆகிய துறைகளில் இவ்வாண்டு யாழ். மாவட்டத்தில் என்ன உண்டு என்று அவற்றின் மாவட்ட அலுவலகங்களில் நேரில் விசாரிப்பதே சரியான வழி. பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்களிடமும் கேட்கலாம். ஒரு நாள் படகேறி வந்து இந்த அலுவலகங்களில் விசாரித்துத் திரும்புவதற்கு ஆகும் செலவு, பிழையான பாடநெறிக்குக் கட்டும் முதல் தவணையில் ஒரு சிறு பங்கும் ஆகாது.

கொழும்பிலுள்ள பெரிய தனியார் வைத்தியசாலைகள் சில தமது தேவைக்காகத் தாமே ஆட்களைச் சேர்த்துப் பயிற்றுவிப்பதுண்டு. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் தருவர். ஆனால் இத்தனை ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்கும். அந்த ஒப்பந்தத்தைப் பிள்ளை மட்டுமன்றி, விளங்கக்கூடிய பெரியவர் ஒருவரும் வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டிருந்தால் தமிழில் விளக்கம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பதிவு வேறு, தரச்சான்று வேறு

அரச கதவுகள் திறக்காதபோது தனியார் நிறுவனத்தை நாட வேண்டியிருக்கலாம். தனியார் நிறுவனங்கள் எல்லாம் மோசமானவை என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாக நடத்தப்படுபவையும் உண்டு. அவற்றை இனங்காணும் வழிகளையே இனிப் பார்க்கின்றோம்.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள் இதில் பதிவு செய்யப்பட வேண்டும். எனவே விளம்பரங்களில் அரச அங்கீகாரம் பெற்றது என்று காணப்படும் வாசகம் பெரும்பாலும் இந்தப் பதிவையே குறிக்கும். இங்கேதான் பெற்றோர் ஏமாறுகின்றனர். நிறுவனம் பதிவு பெற்றிருப்பது ஒரு விடயம். அந்த நிறுவனம் நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தேசிய தொழிற்றகைமைக்கான தரச்சான்று பெற்றிருப்பது வேறொரு விடயம். கணினிப் பாடநெறிக்குத் தரச்சான்று பெற்ற நிறுவனம், அதே பெயர்ப்பலகையின் கீழ் தரச்சான்று இல்லாத தாதி உதவியாளர் பாடநெறியையும் நடத்தலாம். கடைக்கு உத்தரவுப்பத்திரம் இருப்பதால் கடையிலுள்ள பண்டமெல்லாம் தரமானது என்று ஆகிவிடாது.

என்.வி.கியூ. என்று பொதுவாக அழைக்கப்படும் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்களுக்கு உரியவை. ஐந்தாம், ஆறாம் மட்டங்களே டிப்ளோமாவுக்கு உரியவை. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இதனை அறிந்திருந்தால் மூன்று அல்லது ஆறு மாதத்தில் டிப்ளோமா என்ற விளம்பரத்தைக் காணும்போதே, எந்த மட்டத்து டிப்ளோமா என்ற கேள்வி எழும். எந்த மட்டமும் இல்லை, எமது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழே என்று விடை வருமானால், அந்த அழகிய காகிதத்துக்கு அந்த நிறுவனத்தின் படலைக்கு வெளியே என்ன மதிப்பு என்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் பெயர் தாங்கிய நிறுவனமொன்றின் சான்றிதழ் என்று சொல்லப்பட்டாலும், அந்த நாட்டின் சுகாதாரத்துறை அதனை ஏற்கின்றதா என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் விபரங்களைப் பார்க்கலாம். பதிவும் தரச்சான்றும் நிரந்தரமானவை அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்பட்டுப் பின் புதுப்பிக்கப்பட வேண்டியவை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழின் திகதியையும் அதில் எழுதப்பட்டுள்ள பாடநெறியின் பெயரையும் வாசிக்காமல் திரும்புதல் கூடாது.

இன்னொரு செய்தியையும் இங்கு சொல்லியாக வேண்டும். சான்றிதழ் எதுவுமின்றிப் பல ஆண்டுகள் தனியார் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்து அனுபவம் பெற்றோர் எம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் மீண்டும் முதலிலிருந்து பாடநெறி பயில வேண்டியதில்லை. முன்னர் கற்றதை அங்கீகரித்தல் என்ற முறையின் கீழ், தமது திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தேசிய தொழிற்றகைமையைப் பெற விண்ணப்பிக்கலாம்.

கட்டிலருகே கற்பதுதான் பாடம்

தரத்தை அறிவதற்கு உரைகல் ஒன்று உண்டு. பிள்ளை எத்தனை மணித்தியாலம் நோயாளியின் கட்டிலருகே நின்று பழகும் என்பதே அது.

காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் இரத்த அழுத்தத்தையும் பிழையின்றி அளந்து பதிவது, எழுந்திருக்க முடியாதவரைப் புண் வராதபடி வேளைக்கு வேளை புரட்டிப் படுக்க வைப்பது, தன் முதுகு முறியாமல் நோயாளியைத் தூக்குவது, புரைக்கேறாமல் உணவூட்டுவது, குடித்த நீரையும் வெளியேறிய நீரையும் கணக்கில் வைப்பது, கைகழுவுவது, பயன்படுத்திய ஊசியை அதற்குரிய பெட்டியில் போடுவது, நெஞ்சை 30 தடவை அழுத்தி இரு தடவை மூச்சூட்டும் முதலுதவி முறை, நோயாளியின் இரகசியத்தை ஊருக்குள் பேசாதிருப்பது ஆகியவையே இத்தொழிலின் அடிப்படை. இவற்றுள் எதனையும் கரும்பலகையைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. கரையில் நின்று நீச்சல் பழக முடியாது என்பது கடல் சூழ்ந்த ஊரில் வாழ்வோருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே எந்த வைத்தியசாலையில் பயிற்சி, எத்தனை கிழமைகள், நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம், அந்த வைத்தியசாலையோடு எழுத்து மூல உடன்பாடு உண்டா, மேற்பார்வை செய்பவர் பதிவு பெற்ற தாதியா என்று கேட்க வேண்டும். பயிற்சி அறையில் கட்டிலும் பயிற்சிப் பொம்மையும் இரத்த அழுத்தமானியும் உண்டா, எத்தனை மாணவருக்கு ஒன்று என்று நேரில் பார்க்க வேண்டும். ஊசி குத்துப்படும் ஆபத்துள்ள வேலையாதலால், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தடவைகளையும் போடுவதற்கு ஏற்பாடு உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். இக்கேள்விக்குத் தயங்காது விடைதரும் நிறுவனம், மாணவரைப் பணம் கட்டுவோராக மட்டும் பார்ப்பதில்லை என்று கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த ஆண்டு அங்கு கற்று வெளியேறிய இருவரையோ மூவரையோ தேடிக் கண்டு, இப்போது என்ன வேலை செய்கின்றனர் என்று கேட்பது சிறந்தது. தீவகத்தில் ஒருவரையொருவர் அறியாதவர் குறைவு. அந்த வசதியை நாம் பயன்படுத்த வேண்டும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். விரிவுரை தமிழில் நடைபெறுமா, இறுதி மதிப்பீட்டைத் தமிழில் செய்யலாமா என்று கேட்க வேண்டும். அதே வேளை மருந்துகளின் பெயரும் வைத்தியரின் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். வடக்குக்கு வெளியே வேலைக்குச் சென்றால் சிங்களமும் தேவைப்படும். இவ்விரண்டையும் வாரத்தில் சில மணித்தியாலங்களாவது கற்பிக்கும் நிறுவனம் ஒரு படி மேலானது.

கடலையும் சேர்த்துக் கணக்கிடுக

செலவு என்றதும் எல்லோரும் கட்டணத்தையே பார்க்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரத்தில் ஆறு மாதப் பாடநெறியொன்றின் கட்டணம் 80,000 ரூபா என்றும், விடுதிக்கும் உணவுக்கும் மாதம் 15,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு விடுதி தவிர்க்க முடியாதது. அதற்கே 90,000 ரூபா ஆகிவிடும். மொத்தம் 170,000 ரூபா. கட்டணத்தை விடக் கடலின் விலை கூடிவிட்டதைப் பாருங்கள். அதே பிள்ளை கட்டணமில்லாத அரச பாடநெறிக்குச் சென்றாலும் விடுதிச் செலவு இருக்கவே செய்யும். மாறாக, நாள்தோறும் வீட்டிலிருந்து வந்துபோகக்கூடிய ஊர்காவற்றுறைப் பிள்ளைக்கு அந்தச் செலவே இல்லை. ஆகவே ஒருவருக்கு மலிவான பாடநெறி இன்னொருவருக்கு மலிவாகாது. நயினாதீவுப் பிள்ளை நாளாந்தம் வந்து செல்ல எண்ணினால், கடைசிப் படகுக்கு முன்னர் வகுப்பு முடியுமா என்பதையும், காற்றுக் காலத்தில் வர முடியாத நாட்களுக்கு வரவு குறைக்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் முழுக் கட்டணமாக இருப்பதில்லை. பதிவுக் கட்டணம், சீருடை, புத்தகம், வைத்தியசாலைப் பயிற்சிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தேசிய தொழிற்றகைமை மதிப்பீட்டுக் கட்டணம், சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு ஆடைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். முதல் நாளிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும் நாள்வரை மொத்தமாக எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். இடையில் விலக நேர்ந்தால், அல்லது நிறுவனம் பாடநெறியை நடத்தாது விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே தாளில் பெறுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூல ஆவணங்களை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள், பிரதிகள் போதும்.

கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்று எண்ணுவோருக்கு அமெரிக்காவின் அனுபவம் ஒரு பாடம். அங்கு மருத்துவ உதவியாளர் முதலிய பாடநெறிகளை இலாப நோக்கோடு நடத்திய கொரிந்தியன் கல்லூரிகள் என்ற பெரு நிறுவனம், வேலைவாய்ப்புப் பற்றிய பொய்யான விபரங்களைக் காட்டி மாணவர்களைச் சேர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் தனது கல்லூரிகளை மூடியது. கடன்பட்டுக் கற்ற மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். அந்நிறுவனத்தில் கற்ற ஏறத்தாழ 560,000 பேரின் 580 கோடி டொலர் கடனை இரத்துச் செய்வதாக அமெரிக்க அரசு அறிவித்தது 2022ஆம் ஆண்டிலேதான். அங்கு கடனை இரத்துச் செய்ய ஓர் அரசு இருந்தது. தீவகத்துத் தாயொருத்தி அடகு வைத்த தாலிக்கொடியை மீட்டுத்தர எவரும் வரப்போவதில்லை.

வேலை வாக்குறுதிகள்

அரச வைத்தியசாலையில் வேலை பெற்றுத் தருவோம் என்று எந்தத் தனியார் நிறுவனமும் உறுதியளிக்க முடியாது. அரச நியமனங்கள் பகிரங்க அறிவித்தலின் வழியாக, அந்தந்தச் சேவைக்குரிய விதிகளின்படி நடைபெறுபவை. அரச வைத்தியசாலையில் சில கிழமைகள் பயிற்சிக்கு அனுப்புவதையே வேலை கிடைத்தது போலக் காட்டுவதும் உண்டு. பயிற்சி வேறு, நியமனம் வேறு.

வெளிநாட்டு வேலை என்ற சொல் இன்னும் கூர்ந்து பார்க்கப்பட வேண்டியது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவர்களே ஆட்களை அனுப்பலாம். பயிற்சி நிறுவனமே முகவராகவும் பேசுமானால், அதன் அனுமதி இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒப்பந்தத்திலும் விசாவிலும் தொழிலின் பெயர் என்னவென்று வாசிக்க வேண்டும். தாதி உதவியாளர் என்று சொல்லி அனுப்பப்படுபவர் அங்கு வீட்டுப் பணிப்பெண்ணாக இறக்கப்படும் ஆபத்து உண்டு.

பெண் பிள்ளைகளும் முஸ்லிம் குடும்பங்களும்

இப்பயிற்சிகளில் சேர்வோரில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள். விடுதியின் பாதுகாப்பு, இரவு நேரக் கடமை, போக்குவரத்து ஆகியவை பற்றிப் பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அச்சத்தின் காரணமாகப் பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடுவதும் விடையாகாது. ஒரே தீவிலிருந்து நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரே பாடநெறிக்குச் சென்று ஒரே வீட்டில் தங்கினால் செலவும் குறையும், பயமும் குறையும்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் ஏனைய இடங்களிலும் நீண்டகாலம் வாழ்ந்த வடபுல முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் மீளத் திரும்பியுள்ளனர். அவர்களது பிள்ளைகளுக்கு வதிவிட உறுதிப்படுத்தலும், வேறு மாவட்டத்தில் பெற்ற கல்விச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தலும் கூடுதல் சுமைகள். விண்ணப்பம் கோரப்படும் வரை காத்திராமல் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய பத்திரங்களை முன்னரே ஆயத்தம் செய்து வைப்பது நல்லது. சீருடையோடு தலையை மறைக்கும் ஆடைக்கு இடமுண்டா, தொழுகைக்கு நேரம் கிடைக்குமா என்ற கேள்விகளையும் சேருவதற்கு முன்னரே கேட்டுத் தெளிவுபெறுவது இரு தரப்புக்கும் நல்லது. பெண் நோயாளர்கள், சிறப்பாக முஸ்லிம் தாய்மார், தம்மைப் பராமரிக்கப் பெண்ணொருவரையே நாடுகின்றனர். அப்பணிக்கு அந்தச் சமூகத்திலிருந்தே பயிற்சி பெற்றோர் வருவது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் அருகருகே உள்ள நயினாதீவு போன்ற ஊரில் நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் எல்லோருக்கும் பொதுவானவர்.

ஊரில் நிலைத்திருப்போரே தேவை

இந்த விடயத்தில் எமது வரலாறு ஒரு வழியைக் காட்டியிருக்கின்றது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் பதவி தேடி வெளியே செல்வதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்கள் அதற்காகவே தமிழில் ஆக்கப்பட்டன. தமிழில் கற்றவர்கள் தம் ஊர்களிலேயே இருந்து மக்களுக்குப் பணிசெய்வர் என்பது அவரது எண்ணம். தீவகத்துக்கு அந்த எண்ணம் இன்றும் பொருந்தும். வெளியிலிருந்து நியமனம் பெற்று நெடுந்தீவுக்கு வருவோர் எப்போது இடமாற்றம் கிடைக்கும் என்று பார்ப்பது மனித இயல்பு. நெடுந்தீவில் பிறந்து பயிற்சி பெற்றவருக்கு அங்கு தங்குவது தண்டனையாகாது.

ஆகவே பொறுப்பு வாய்ந்தவர்களிடம் எமது வேண்டுகோள் இதுதான். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ தேசிய தொழிற்றகைமையுடன் கூடிய தாதி உதவியாளர், பராமரிப்பாளர் பாடநெறியொன்றை அரச பயிற்சி நிறுவனமொன்று ஆரம்பிக்க வேண்டும். அதன் செயன்முறைப் பயிற்சியை ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் வழங்குவதற்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் இணங்க வேண்டும். கடல் கடந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் ஒன்று வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. புலம்பெயர்ந்து வாழும் தீவக மக்களின் ஊர்ச் சங்கங்கள் கோவிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாக வழங்குபவை. ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் விடுதிச் செலவை அவை பொறுப்பேற்றால், சில ஆண்டுகளில் ஒவ்வொரு தீவிலும் பயிற்சி பெற்ற கைகள் இருக்கும்.

அந்த நாள் வரும்வரை பெற்றோரே காவலர்கள். சான்றிதழை யார் ஏற்பார், பயிற்சி எந்தக் கட்டிலருகே, கடலையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் முன்னர் ஒரு சதமும் கட்டாதீர்கள். விடை தராத நிறுவனத்தை விட்டுத் திரும்பி வருவதனால் போகும் ஒரு நாள் படகுச் செலவு நட்டமல்ல.